குழாய்த் தண்ணீரில் காரீயம்: ஒரு நீல எல்இடி, கொஞ்சம் டிஎன்ஏ, ஒரு கறுப்புப் பெட்டி

சமையலறைக் குழாய்த் தண்ணீரில் காரீயம் இருக்கிறதா என்று ஒளியை வைத்துச் சொல்லும் சின்னக் கருவி ஒன்றைச் செய்திருக்கிறேன், வேலை செய்கிறது. மின்னணு வேலை முழுக்க வீட்டு மேசையில் நடந்தது. ரசாயன வேலை ஒரு கல்லூரியின் உயிர்த்தொழில்நுட்ப ஆய்வகத்தில், அங்கே பணிபுரியும் நண்பர் பக்கத்தில் நிற்க, நடந்தது. யாராவது இதைச் செய்து பார்க்க நினைத்தால் எங்கே நேரம் போகும், எதை ஏன் அப்படிச் செய்தேன் என்பது தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பு பழையது. குழாய்கள் எல்லாம் பித்தளை, மேலே பளபளப்புக்குக் குரோமியப் பூச்சு. கடைசலில் பித்தளை சுலபமாகச் சீவி வரவேண்டும் என்பதற்காக அதில் காரீயம் சேர்ப்பது காலகாலமாக உள்ள வழக்கம். ராத்திரி முழுக்கத் தண்ணீர் அதற்குள்ளேயே நின்றால் கொஞ்சம் கரைந்து வரும். பிவிசி குழாய்களிலும் பொருள் சூட்டில் சிதையாமல் இருக்கக் காரீயச் சேர்மங்களைக் கலந்து வந்தார்கள். அதைக் கட்டுப்படுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதி கொண்டுவந்ததே 2021இல்தான், அதற்கு முன் பதித்ததெல்லாம் இன்னும் சுவருக்குள் அப்படியே இருக்கிறது. காரீயத்துக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற விஷம் அது. எங்கள் வீட்டில் குடிப்பது ஆர்ஓ தண்ணீர், அது காரீயத்தைப் பெருமளவு பிடித்துவிடும். ஆனால் காலையில் உலை வைப்பது நேராகக் குழாயிலிருந்து. எனக்கு அந்த உலைத் தண்ணீர்தான் கவலை.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, காரீயத்துக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதாவது 10 மைக்ரோகிராம், சுருக்கமாக 10 பிபிபி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பும் இதேதான். இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்காமல் யாரும் எல்இடியைக் கையில் எடுக்க வேண்டாம் என்பேன், ஏனென்றால் எந்த வழியில் போகவேண்டும் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி நிறமாற்றம். டித்திசோன் என்று ஒரு சாயம் இருக்கிறது. குளோரோஃபார்மில் கரைத்தால் பச்சையாக இருக்கும், காரீயத்தைப் பிடித்ததும் சிவப்பாகும். அந்தச் சிவப்பு 520 நானோமீட்டர் பக்கத்துப் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும், பச்சை எல்இடி ஒன்றும், வெளிச்சத்தை மின்னோட்டமாக மாற்றும் ஒளி டையோடு ஒன்றும் இருந்தால் அளந்துவிடலாம் போலத் தோன்றும். காரீயத்தின் அணுநிறை 207.2, ஆகவே 10 பிபிபி என்பது சுமார் 48 நானோமோலார் (எடையில் சொல்லாமல் அணுக்களின் எண்ணிக்கையில் சொல்லும் அடர்த்தி). காரீயமும் டித்திசோனும் சேர்ந்த சேர்மத்தின் மோலார் உட்கவர் திறன், அதாவது அது ஒளியை எவ்வளவு பலமாக உறிஞ்சும் என்ற எண், ஏறத்தாழ 69,000. ஒரு சென்டிமீட்டர் அகலக் கலத்தில் (அளக்கவேண்டிய திரவத்தை வைக்கும் சின்னப் பாத்திரம்) இரண்டையும் பெருக்கினால் உட்கவர் மதிப்பு 0.0033 வருகிறது. ஒளியில் முக்கால் சதவீதம் குறைவு, அவ்வளவுதான். மின்விசிறிக் காற்று எல்இடி மேல் படுவதா இல்லையா என்பதிலேயே அதன் வெளிச்சம் அந்த அளவுக்கு நகர்ந்துவிடும். நிறையத் தண்ணீரிலிருந்து காரீயத்தைக் கொஞ்சம் குளோரோஃபார்முக்குள் இழுத்துச் சேர்த்தால் சமாளிக்கலாம்: 100 மில்லி தண்ணீர், 5 மில்லி குளோரோஃபார்ம் என்றால் இருபது மடங்கு, ஒளிக் குறைவு 14 சதவீதம், தாராளமாக அளக்கலாம். ஆனால் டித்திசோன் துத்தநாகத்தையும் செம்பையும் காட்மியத்தையும் அதே மாதிரிப் பிடிக்கிறது. பாடப்புத்தக முறையில் அவற்றை ஒதுக்கி வைக்கச் சயனைடு சேர்ப்பார்கள். அது வீட்டுக்கும் ஆகாது, நண்பரின் ஆய்வகத்துக்கும் ஆகாது. சயனைடு இல்லாமல், உள்ளே துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய்த் தண்ணீரை அளந்தால் வருகிற சிவப்பு பெரும்பாலும் துத்தநாகமாகத்தான் இருக்கும். இன்னொன்று, பாலிஸ்டைரீன் கலங்கள் குளோரோஃபார்மில் கரைந்துவிடும், கண்ணாடிக் கலம்தான் வாங்கவேண்டும். இந்த வழியை அதோடு விட்டேன்.

ஆக இரண்டு தேவைகள் தெளிவாகின்றன. ஒன்று, பெரிய வெளிச்சத்தில் சின்னக் குறைவைத் தேடாமல், இருட்டில் சின்ன வெளிச்சத்தைத் தேடவேண்டும், அதாவது ஒளிர்வு முறை. இரண்டு, காரீயத்தை மட்டும் அடையாளம் காண்கிற மூலக்கூறு வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் டிஎன்ஏசைம், அதாவது நொதி மாதிரி வேலை செய்யும் டிஎன்ஏ.

1994இல் ரொனால்ட் பிரேக்கர், ஜெரால்ட் ஜாய்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கோடிக்கணக்கான டிஎன்ஏ தொடர்களிலிருந்து, காரீய அயனி இருந்தால் மட்டும் இன்னொரு இழையை வெட்டுகிற ஒரு தொடரைப் பொறுக்கி எடுத்தார்கள். டிஎன்ஏ ஒரு நொதி மாதிரி வேலை செய்யும் என்று காட்டிய முதல் வேலை அது. ஜிஆர்-5 என்பது அந்த டிஎன்ஏசைமின் பெயர். 2000இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யீ லூவின் குழு இதே வகையைச் சேர்ந்த டிஎன்ஏசைம் ஒன்றைக் காரீய உணரியாக மாற்றியது. யோசனை எளிமையானது. வெட்டுப்படும் இழையின் ஒரு முனையில் ஒளிரும் சாயம், வெட்டும் இழையின் முனையில் அந்த ஒளியை விழுங்கும் அணைப்பான். இரண்டு இழையும் சேர்ந்திருக்கும்போது இருட்டு. காரீயம் வந்து இழை வெட்டுப்பட்டால் சாயம் உள்ள துண்டு கழன்று விலகிப் போகிறது, ஒளிர ஆரம்பிக்கிறது. ஒரே காரீய அயனி அடுத்தடுத்த வெட்டுகளிலும் பங்கெடுக்கலாம் என்பதால் ஒளி ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் அளவு. ஜிஆர்-5 துத்தநாகத்தைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை, நான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

சாயமும் அணைப்பானும் ஒட்டிய இழைகளைச் செயற்கை டிஎன்ஏ தயாரிக்கும் நிறுவனங்களிடம் ஆர்டர் கொடுக்கலாம், கல்லூரி வழியாக வாங்கினோம். சாயம் ஃபாம், நீல ஒளி 494 நானோமீட்டரில் உச்சமாக உறிஞ்சி 520 பக்கம் பச்சையாக ஒளிரும். வெட்டுப்படும் இடத்தில் ஒரே ஒரு ஆர்என்ஏ எழுத்து இருக்கிறது, மற்றதெல்லாம் டிஎன்ஏ. அந்த ஒரு எழுத்துதான் இந்த வேலையிலேயே மிகவும் நோஞ்சான் இடம். நம் தோலில் எப்போதும் இருக்கிற ஆர்என்ஏ சிதைக்கும் நொதி பட்டால் காரீயமே இல்லாமல் வெட்டுப்பட்டுவிடும், கருவி பொய்யாக ஒளிரும். கையுறை இல்லாமல் குழல் மூடியைத் தொடவே கூடாது.

இப்போது பெட்டி. கலமாக 0.5 மில்லி மெல்லிய சுவர் பாலிபுரோப்பிலீன் குழல். கண்ணாடியின் சுவரில் காரீயம் ஒட்டிக்கொள்ளும், இந்த அடர்த்தியில் ஒட்டுவதே கணிசமான பங்கு. ஒரு பக்கத்திலிருந்து 470 நானோமீட்டர் நீல எல்இடி, அதற்குச் செங்கோணத்தில் பிபிடபிள்யூ34 ஒளி டையோடு. எல்இடி முன்னால் நீல ஜெல் தாள், டையோடு முன்னால் மஞ்சள் ஜெல் தாள், இரண்டும் மேடை விளக்குகளுக்குப் போடுகிற வகை. நீல எல்இடியின் ஒளி சுத்தமான நீலம் இல்லை, அதன் வால் 520 வரை நீள்கிறது, அந்த வாலை நீலத் தாள் நறுக்காவிட்டால் மஞ்சள் தாள் வழியாக நேரே டையோடுக்குப் போய்விடும். பெட்டியை முப்பரிமாண அச்சில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் எடுத்தேன். மெல்லிய சுவராக இருந்தால் வெயில் கசிகிறது, சுவரைத் தடிமனாக்கி உள்ளே மங்கல் கறுப்புச் சார்ட் தாள் ஒட்டினேன். உள்ளே வைக்கும் எந்தப் பொருளும், பசை டேப் உட்பட, நீல ஒளியில் தானே ஒளிர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒட்டவேண்டும். இருட்டு அறையில் நீல எல்இடியை அடித்து மஞ்சள் தாள் வழியாகக் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டையோடிலிருந்து வருகிற மின்னோட்டம் சில பத்து பிக்கோ ஆம்பியர்தான், 100 மெகா ஓம் மின்தடை வழியே போனால் 10 பிக்கோ ஆம்பியருக்கு ஒரு மில்லிவோல்ட். அவ்வளவு பெரிய மின்தடை சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கேட்ட கடையில் கிடைக்கவில்லை, பத்து மெகா ஓம் பத்தைத் தொடராகச் சேர்த்துவிட்டேன். பெருக்கி எம்சிபி6002, உள்ளீட்டில் அது எடுக்கும் மின்னோட்டம் ஒரு பிக்கோ ஆம்பியர் அளவில் இருப்பதால் போதும். அதன் உள்ளீட்டுக் காலைப் பலகையில் பற்றவைக்காமல் மேலே தூக்கி அந்தரத்தில் டையோடோடு நேராகச் சேர்த்தேன். பலகையின் மேல் படிந்த ஃபிளக்ஸும் விரல் எண்ணெயும் நம் கடற்கரை ஊர் ஈரமும் சேர்ந்தால் அதுவே ஒரு கசிவுப் பாதை, 100 மெகா ஓமுக்குப் போட்டியாக வந்து நிற்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நன்றாகத் துடைத்து, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே போட்டு மூடியபிறகு பூச்சியம் நகராமல் நின்றது.

எல்இடி 100 மில்லி விநாடி எரியும், 100 மில்லி விநாடி அணையும், எரியும்போது வந்ததிலிருந்து அணைந்தபோது வந்ததைக் கழித்துக்கொள்ளும். 100 என்பதைத் தற்செயலாக எடுக்கவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லி விநாடி, ஐந்து முழுச் சுற்றின் சராசரி எடுத்தால் இரைச்சல் தானாகக் கழிந்துவிடும். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சில்லு விநாடிக்கு 860 அளவு எடுக்கும், இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிச் சில்லு அதைக் கூட்டிச் சராசரி பார்க்கிறது. அளவு எடுக்காத நேரத்தில் எல்இடி அணைந்தே இருக்கவேண்டும், தொடர்ந்து நீல ஒளி பட்டால் ஃபாம் வெளிறிப் போகும்.

இந்த இடத்தில் மிக முக்கியமான ஒரு விஷயம். நாம் பற்றவைக்கிற சாதாரண 60/40 சால்டரில் 40 சதவீதம் காரீயம். 100 மில்லி தண்ணீரில் ஒரு மைக்ரோகிராம் காரீயம் விழுந்தாலே 10 பிபிபி வந்துவிடும், அதற்குத் தலைமுடித் தடிமன் அளவு சால்டர் தூள் போதும். எனவே பற்றவைக்கும் மேசையும் தண்ணீர் மாதிரிகளைத் தொடும் மேசையும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. பெட்டி வேலை முழுதும் முடிந்து, துடைத்து, உடுப்பு மாற்றிக் கை கழுவிய பிறகுதான் பாட்டில்களைத் தொடுவேன். பாட்டில்கள் பாலிபுரோப்பிலீன், 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் அலசியவை. அந்த அமில வேலை ஆய்வகத்தில் மட்டும்.

அடுத்த சிக்கல் நம் வெயில். இரண்டு இழையும் சேர்ந்திருப்பது சூட்டைப் பொறுத்தது; சூடு ஏறினால் வெட்டுப்படாமலேயே கொஞ்சம் இழைகள் கழன்று பின்னணி ஒளி ஏறும். முதலில் வந்த வடிவமைப்பைக் குளிர்பதன நிலையில், 4 டிகிரியில் வைத்துத்தான் அளந்தார்கள். 2003இல் அதே குழு, சாயம் ஒட்டிய இழையின் மறுமுனையிலும் இன்னொரு அணைப்பான் போட்டு இதைத் தீர்த்தது. இழை வெட்டுப்படாமல் சும்மா கழன்றால் அந்த இரண்டாவது அணைப்பான் கூடவே இருப்பதால் ஒளி எழாது, வெட்டுப்பட்டால் மட்டும் எழும். நான் வாங்கியதும் இரண்டு அணைப்பான் வகை. அப்படியும் ஏசி இல்லாத அறையில் மதியம் எடுக்கும் அளவும் இரவில் எடுக்கும் அளவும் வேறுபட்டன, ஏனென்றால் வெட்டும் வேகமும் சூட்டோடு மாறும். குழல் நிற்கும் இடத்தில் ஒரு அலுமினியக் கட்டையும் சின்னச் சூடாக்கியும் வைத்து, அறையைவிடச் சற்று மேலே 37 டிகிரியில் நிறுத்திவிட்டேன். நம் ஊரில் குளிர்விப்பதைவிடச் சூடாக்கி நிறுத்துவது எளிது.

மாதிரி எடுக்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. ராத்திரி குழாயை மூடியபின் யாரும் தொடாமல் ஆறு மணிநேரமாவது நிற்கவேண்டும். அமெரிக்க விதிமுறையில் காலை முதல் ஒரு லிட்டரைப் பிடிப்பார்கள். நான் முதல் 100 மில்லியைத் தனியாகவும், அடுத்த லிட்டரைத் தனியாகவும், இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு ஒன்றும் பிடித்தேன். குழாயின் உடம்புக்குள் நிற்கிற தண்ணீர் ஒரு டம்ளர்கூட இருக்காது, அதை ஒரு லிட்டரோடு கலந்தால் குழாயின் குற்றம் கரைந்து மறைந்துவிடும்.

பிடித்ததும் நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் இரண்டுக்குக் கீழே இறக்கவேண்டும், இல்லாவிட்டால் காரீயம் பாட்டில் சுவரில் ஒட்டும். எங்கள் தண்ணீரில் போர்வெல் நீர் கலப்பதால் அமிலம் பட்டதும் நுண்ணிய குமிழிகள் கிளம்பின; பைகார்பனேட் கரியமில வாயுவாகப் போகிறது, அதுவும் நல்லதற்கே, கார்பனேட் இருந்தால் காரீயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 16 மணிநேரம் அப்படியே விட்டு, பிறகு சோடியம் ஹைட்ராக்சைடில் நடுநிலைக்குக் கொண்டுவந்து உடனே அளக்கிறேன். டிஎன்ஏவைக் கரைத்திருக்கும் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) பாஸ்பேட் கூடாது, காரீயத்தை வீழ்படிவாக்கிவிடும். ஹெப்பெஸ் பஃபர் போட்டோம். பிஎச் 7க்குக் கீழே நழுவினால் வெட்டும் வேகமும் குறையும், ஃபாமின் வெளிச்சமும் மங்கும்.

ஒரு தண்ணீருக்கு நான்கு குழல் வைக்கிறேன். ஒன்று தண்ணீர் மட்டும். இன்னொன்றில் அதே தண்ணீரோடு 10 பிபிபி காரீயம், வேறொன்றில் 20. நான்காவதில் தண்ணீரோடு இடிடிஏ, அது காரீயத்தை முழுக்கக் கட்டிப்போட்டுவிடும், ஆகவே அங்கே ஏறுகிற ஒளி எல்லாம் பின்னணி என்று கழித்துவிடலாம். டிஎன்ஏ கரைசல் சேர்த்தவுடன் முதல் சில நிமிடத்தில் ஒளி ஏறும் கோட்டின் சாய்வைத்தான் எடுத்துக்கொள்கிறேன். தெரிந்த அளவு காரீயம் சேர்த்த குழல்கள் அதே தண்ணீரில் இருப்பதால், உப்பும் கடினத்தன்மையும் வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் கணக்கு நேராகிவிடுகிறது. அயனி நீக்கிய நீரில் வரைந்த அளவுக்கோட்டை வைத்து எங்கள் குழாய்த் தண்ணீரைப் படித்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டியது, ஆபத்தான பக்கம் சாய்கிற பிழை அது.

முதல் 100 மில்லி 10 பிபிபியைத் தாண்டியது. இடிடிஏ குழல் கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்க, பக்கத்துக் கோடு சரசரவென்று ஏறிய அந்தத் திரையை நண்பரும் நானும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த லிட்டர் எல்லைக்குக் கீழே, ஓடவிட்டுப் பிடித்தது பின்னணியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு. அப்படியானால் தொட்டியோ சுவருக்குள் போகும் குழாயோ இல்லை, சமையலறைக் குழாய்தான். குளியலறைக் குழாய் அதே வயதுதான், அது எல்லைக்குள் இருந்தது. ஒரே பாட்டிலிலிருந்து பாதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றுக்கு ஐசிபி-எம்எஸ் சோதனைக்கு (மாதிரியைப் பிளாஸ்மாவில் செலுத்தி உலோக அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் முறை) அனுப்பினோம். எல்லைக்கு மேலா கீழா என்பதில் எல்லா மாதிரிகளிலும் ஒத்துப்போனது. முதல் 100 மில்லியில் மட்டும் அவர்கள் எண் என்னுடையதைவிடக் கொஞ்சம் அதிகம்.

அந்த வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் துகள்கள் என்று நினைக்கிறேன். டிஎன்ஏசைம் கரைந்த காரீய அயனியை மட்டுமே பார்க்கும். குழாய்க்குள்ளிருந்து உதிர்ந்த நுண்துகள் குளிர்ந்த அமிலத்தில் முழுக்கக் கரையாவிட்டால் இந்தக் கருவிக்கு அது இல்லாத பொருள், ஐசிபி-எம்எஸ்ஸின் ஆறாயிரம் டிகிரிக்கு மேற்பட்ட பிளாஸ்மாவில் அது தப்பாது. எனவே இந்தக் கருவி 'அதிகம்' என்று சொன்னால் நம்பலாம், 'இல்லை' என்று சொன்னால் துகள் இருக்கலாம் என்ற ஐயத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தையில் மலிவாக வரும் காரீயச் சோதனைத் தாள்களையும் கருவிகளையும் பார்க்கும்போது எனக்கு இப்போது எழுகிற கேள்விகள் இவைதான்: 48 நானோமோலாரை எப்படிப் பார்க்கிறது, துத்தநாகத்தை எப்படி ஒதுக்குகிறது, துகளை என்ன செய்கிறது. அட்டையில் இதற்குப் பதில் இல்லாவிட்டால் வாங்கமாட்டேன்.

சமையலறைக் குழாயைக் கழற்றிவிட்டோம். பிளம்பர் அண்ணன், "இது நல்ல கனமான பித்தளை சார், இப்ப இப்படிக் கிடைக்காது" என்று தயங்கினார்; காரணத்தைச் சொன்னதும் அவர் வீட்டிலும் இதே குழாய்தான் என்றார். அவர் வீட்டுத் தண்ணீருக்கு அமிலத்தில் ஊறிய இரண்டு பாட்டில்கள் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டில் எஃகுக் குழாய் மாட்டியாயிற்று. அதன் முதல் 100 மில்லியையும் அளந்தேன், எல்லைக்கு நன்றாகக் கீழே. புதுக் குழாயிலும் முதல் சில வாரங்கள் தொடர்ந்து பார்க்கவேண்டும், இணைப்புகளில் பித்தளை இருக்கிறது.

அடுத்து மாதிரியை அமிலத்தோடு 85 டிகிரி வரை சூடாக்கிக் கரைத்துப் பார்த்து, ஐசிபி-எம்எஸ்ஸோடு உள்ள இடைவெளி குறைகிறதா என்று சோதிக்கவேண்டும். சுற்றுப் படமும் இஎஸ்பி32 நிரலும் தயாராக இருக்கின்றன, பெட்டியின் அச்சுக் கோப்பில் சூடாக்கிக் கட்டைக்கான இடத்தை மட்டும் சரிசெய்கிறேன். அளந்து முடித்த குழல்களையும் காரீயக் கரைசல்களையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு பாட்டிலில் சேர்த்து, பெயர் எழுதி ஒட்டி, ஆய்வகத்தின் கன உலோகக் கழிவோடு கொடுத்துவிடுங்கள்.